ஆரோவில் ஃபார்ம் பாக்க குடும்பத்தோட போறீங்களா? எங்க தங்கலாம், எங்க வேணாம்

மொதல்லயே சொல்லிடறேன், ஃபார்முக்கு உள்ளயேதான் தங்கணும்னு அடம் புடிக்காதீங்க. ஃபார்ம்ல நம்ம இருக்கப்போறது காலைல கொஞ்ச நேரம், வெயில் ஏறினா அங்க வேலை பாக்குறவங்களே நிழலுக்கு வந்துடுவாங்க, மீதி நேரம் பூரா ரூம்லதான். ராத்திரி ரெண்டு மணிக்கு சின்னது "அம்மா ஒன்னுக்கு"ன்னு எழுப்புறப்போ பாத்ரூம் ரூமுக்குள்ள இருக்கா, இல்ல டார்ச் எடுத்துட்டு மரத்தடி வழியா நடக்கணுமாங்கிறதுதான் உங்க ட்ரிப்ப முடிவு பண்ணும். போட்டோல தெரியுற கீத்துக் கொட்டகையும் ஊஞ்சலும் இல்ல.

நாங்க போனது நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, முட்டி வலியோட எங்க அத்தை. மூத்தவனுக்கு ஸ்கூல்ல செடி ப்ராஜெக்ட், சின்னதுக்கு கோழி பாக்கணும், அத்தைக்கு மாத்ரிமந்திர், அதான் ஆரோவில் நடுவுல இருக்குற தங்க உருண்டை தியான மண்டபம். (அங்க ஒரு விஷயம், உள்ளறைக்கு பத்து வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்கள விட மாட்டாங்க, அதனால யாராவது ஒருத்தர் சின்னத வச்சிகிட்டு வெளில உக்காந்தே ஆகணும். வெளில இருந்து பாக்குற வியூவிங் பாயின்ட்டுக்கு எல்லாரும் போலாம்.)

ஆரோவில்ல ஃபார்ம்னு சொன்னா ஒன்னு ரெண்டு இல்ல. புத்தா கார்டன் இருக்கு, பேர்லயே கம்யூனிட்டி ஃபார்ம்னு வரும், மேட்டுப்பாத்தி போட்டு காய்கறி போடுறாங்க, விடியக்காலைலயே வாலன்டியர்ஸ் இறங்கிடுவாங்க. சாலிட்யூட் ஃபார்ம் 1996ல ஆரம்பிச்சது, ஜப்பான்காரர் ஃபுகுவோகா சொன்ன இயற்கை விவசாயம், உழவு கிடையாது, களையும் பயிரும் ஒன்னா நிக்கும், அங்கயே சாப்பாட்டுக்கடை இருக்கு. பொன்னாங்கண்ணி, பப்பாளிக்காய், வாழத்தண்டுன்னு அன்னைக்கு தோட்டத்துல என்ன இருக்கோ அதான் தட்டுல. அன்னபூர்ணா ஃபார்ம் கொஞ்சம் தள்ளி, 135 ஏக்கர், நெல்லு, மாடு. அப்புறம் சாதனா ஃபாரஸ்ட், அது ஃபார்ம் இல்ல, 2003ல இருந்து வறண்ட நிலத்துல காட்ட வளக்குறாங்க, வரப்பு கட்டி மழத்தண்ணிய நிறுத்துறத பசங்களுக்கு காட்டலாம். எல்லாமே செம்மண் பூமி, இன்னைக்கு காடு மாதிரி தெரியுற இடம் 1968ல ஆரோவில் ஆரம்பிச்சப்போ பொட்டல்னு சொன்னா மூத்தவன் நம்பவே இல்ல.

இப்ப தங்குற இடத்துக்கு வருவோம்.

வாலன்டியர் குடிசை: சவுக்கு கம்பு, கீத்து கூரை, சில எடத்துல காம்போஸ்ட் டாய்லெட். காலேஜ் பசங்களுக்கு சூப்பர், சம்பளம் இல்லாம மண்வெட்டி புடிச்சு கத்துக்க வர்றவங்களுக்குன்னே கட்டினது அது. காம்போஸ்ட் டாய்லெட்னா தண்ணி ஊத்தக்கூடாது, போனப்புறம் மரத்தூள் ஒரு கொத்து அள்ளிப் போடணும், கழுவுறதுக்கு தனி எடம். பெரியவங்க பழகிக்கலாம், எங்க சின்னது அந்த ஓட்டைய எட்டிப் பாத்துட்டு திரும்பி வந்துடுச்சு, அவ்ளோதான். சாதனா ஃபாரஸ்ட்ல சாப்பாடு முழுக்க வீகன், அதாவது பால் கிடையாது, தயிர் கிடையாது, இத கேட்டதும் அத்தை "காப்பி?"ன்னு ஒரே வார்த்தைல அந்த சாப்டர முடிச்சிட்டாங்க. பகல்ல போய் பாக்குறதுக்கு ரொம்ப நல்ல எடம், அதுல சந்தேகமே இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுத்திக்காட்டி சாப்பாடு போட்டு படம் போடுறது அங்க ரொம்ப நாள் வழக்கம், போறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுக்கங்க.

ரெண்டாவது கெஸ்ட் ஹவுஸ். இதுல தான் நிறைய பேர் மாட்டுவாங்க, ஏன்னா போட்டோ அள்ளும். பேரு வேணாம், ஒரு எடத்துல "ஃபேமிலி ரூம்"னு போட்டிருந்தத நம்பி அட்வான்ஸ் கட்டினோம். போய் பாத்தா ஒரே ஒரு டபுள் காட், பசங்களுக்கு மேல மரப்பரண், ஏறுறதுக்கு செங்குத்தா ஏணி, பரணோட ஓரத்துல கைப்பிடியே இல்ல. பாத்ரூம் மேல பாதி வானம், ஹனிமூன் ஜோடிக்கு அழகா இருக்கும் போல, அத்தைக்கு அந்த ரெண்டு படி எறங்கி ஈர கருங்கல்ல கால் வைக்கணும், புடிச்சிக்க ஒன்னும் இல்ல. ரூம் வாசல்ல இருந்து பத்தடில அல்லிக்குளம், சுத்தி வேலி கிடையாது. ஆபீஸ்ல சொன்னதுக்கு "இங்க யாரும் விழுந்ததில்ல"ன்னாங்க, அத கேட்டு எனக்கு இன்னும் பயமாதான் ஆச்சு. ராத்திரி எட்டு மணிக்கு பசங்க சிரிச்சதுக்கு பக்கத்து ரூம்ல இருந்து ஒருத்தர் வந்து நின்னார், அவர தப்பு சொல்ல முடியாது, அவரு அமைதிக்காக காசு குடுத்து வந்திருக்காரு. ஆனா அப்படிப்பட்ட எடம்னா பசங்கள கூட்டிட்டு வராதீங்கன்னு முன்னாடியே சொல்லிடலாம்ல, சில எடத்துல அப்படி நேர்மையா சொல்றாங்க, அது எவ்ளவோ மேல். மறுநாளே காலி பண்ணிட்டோம், மீதி அட்வான்ஸ் வரல.

மூணாவதுதான் நான் கை தூக்குறது. ஆரோவில்ல ஒட்டின குயிலாப்பாளையத்துல ஒரு வீட்டு மாடி. பேரு போட மாட்டேன், இருக்குறதே ரெண்டு ரூம், நாளைக்கு எனக்கே கிடைக்காம போயிடும். ஆனா அந்த ஊர்லயும் இடையஞ்சாவடி, ஆலங்குப்பம் பக்கமும் இந்த மாதிரி வீடுங்க நிறைய, நேர்ல ஒரு ரவுண்டு போனாலே போர்டு தெரியும். நாங்க குடுத்தது ஒரு நாளைக்கு 2,200 ரூபா, மாடி பூரா எங்களுக்கு, உள்ளயே பாத்ரூம், கீழ அந்த அக்கா குடும்பம். சின்னதா ஒரு சமையல் மேடை, கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ். காலைல ஆறு மணிக்கு அக்கா தூக்குல பால் கொண்டாந்து படில வச்சிட்டு போவாங்க, அத்தை மொகத்துல அன்னைக்குதான் சிரிப்பு. ஃபார்ம்ல மூத்தவன் அவன் கையால பறிச்ச கத்திரிக்கா, சூத்தை விழுந்தது ரெண்டு மூணு, அத நறுக்குறப்போ சின்னது புழுவ எடுத்து தீப்பெட்டில போட்டு வச்சிகிச்சு, அக்கா மீதிய கருவாடு போட்டு கொழம்பு வச்சாங்க, வீட்ல கத்திரிக்கா தொடாதவன் ரெண்டாவது தடவ சோறு கேட்டான். ஃபார்முக்குள்ளயே தங்கியிருந்தா இது நடந்திருக்காது, அங்க சமையல் அவங்க முறைப்படிதான், அதுவும் சரிதான்.

குறை இல்லாம இல்ல. கோயில் ஸ்பீக்கர் விடியக்காலைலயே ஆரம்பிச்சிடும். மேல் டேங்க் சின்னது, எல்லாரும் செம்மண்ணோட வந்து ஒரே நேரத்துல குளிச்சா தண்ணி நூலாட்டம் வரும். கொசுவலை இருந்துச்சு, ஆனா கட்டில விட அளவு சின்னது, மெத்தைக்கு அடியில சொருக முடியல, ஓரத்த தலகாணி வச்சு அமுக்கினோம். உங்க வலைய நீங்களே எடுத்துட்டு போங்க, ஐப்பசி கார்த்திகைல அங்க கொசு கடி சாதாரணம் இல்ல. அந்த மழைக் காலத்துல ஃபார்ம் பாதை பூரா சேறு வேற, அத்தை மாதிரி ஆளுங்களுக்கு தை மாசிதான் நல்லது. ஆனா கிறிஸ்மஸ் லீவு, பிப்ரவரி 28 ஆரோவில் பொறந்தநாள் வாரம் எல்லாம் கூட்டம், ரூம் ரேட்டும் ஏறிக்கும். மே மாசம் பசங்களுக்கு லீவுதான், ஆனா அந்த வெயில்ல தோட்டத்துல நிக்க வைக்காதீங்க பாவம்.

நாலாவதா பாண்டில ஹோட்டல் போட்டு தினம் வந்து போறது. ஏசி, லிஃப்ட், கோரிமேட்டுல ஜிப்மர் ஆஸ்பத்திரி, எல்லாம் கைக்கெட்டுற தூரம், கைக்கொழந்த இருந்தா நான் இதான் சொல்லுவேன். ஆனா வீக்எண்ட்ல ஈசிஆர் சிக்னல்ல மாட்டினா பத்து பன்னெண்டு கிலோமீட்டர் பெரிய பயணம் ஆயிடும், காலைல ஃபார்ம்ல வேலை நடக்குறத பாக்கவே முடியாது, நீங்க போய் சேர்றப்போ எல்லாரும் கை கழுவிட்டு டிபன் சாப்டுட்டு இருப்பாங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டு பேசுங்க, ஆப்ல பாத்துட்டு காசு கட்டாதீங்க. பாத்ரூம் உள்ளயா, எத்தன படி, வெஸ்டர்னா, கிணறு குளம் பக்கத்துல இருக்கா, கரன்ட் போனா இன்வெர்ட்டர்ல ஃபேன் ஓடுமா, ரூம் வாசல் வரைக்கும் கார் வருமா, இதெல்லாம் கேளுங்க. கார் கேள்விய விட்டுடாதீங்க, மேப் காட்டுற வழி பாதி எடத்துல டூவீலர் மட்டும் போற செம்மண் தடம், தெருவிளக்கு கிடையாது, ராத்திரில பாம்பு நடமாட்டம் உண்டு. பாத்ரூமையும் படுக்கையையும் வீடியோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, அனுப்ப யோசிச்சாங்கன்னா விட்டுடுங்க.

காசு விஷயம் ஒன்னு, ஆரோவில்லுக்குள்ள சில எடத்துல நோட்டு வாங்க மாட்டாங்க, ஆரோகார்டு வாங்கி அதுல பணம் போட்டு வச்சிக்க சொல்லலாம், போறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க. குயிலாப்பாளையத்துல அந்த தொல்லை இல்ல, ஜிபே ஓடுது, ஆரோவில் பேக்கரியும் அங்கதான், சாயங்காலம் பசங்கள சமாளிக்க அது போதும்.

மார்க் போடணும்னா மாடி வீட்டுக்கு அஞ்சுக்கு நாலு. தண்ணி டேங்க மாத்தினா மீதி ஒன்னையும் குடுத்துடலாம், அக்கா கிட்ட சொல்லிட்டுதான் வந்திருக்கேன், பொங்கலுக்குள்ள மாத்திடறேன்னாங்க.