பல்லை எடுத்த அன்றே இம்பிளான்ட்: மதுரைப் பல் மருத்துவமனை ஒன்றில் என் அனுபவம்

வேர் சிகிச்சை செய்து கேப் போட்டிருந்த என் மேல் முன்பல், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு வேரில் நெடுக்காக விரிசல் விட்டது. முதலில் பார்த்த மருத்துவமனையில் சாதாரண எக்ஸ்ரேயை மட்டும் வைத்துக்கொண்டு, பல்லை எடுத்த கையோடு, தாடை எலும்பில் செயற்கை வேராக இறக்கும் திருகான இம்பிளான்ட்டையும் பொருத்திவிடலாம் என்று உறுதி கூறினார்கள். இரண்டாவதாகச் சென்ற இடத்தின் மருத்துவர் அப்படி உறுதி தரவில்லை. நான் அவரிடமே சிகிச்சை செய்துகொண்டதற்கு அதுதான் காரணம்.

முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, பல்லின் உதட்டுப்பக்க எலும்புச் சுவரைத் திரையில் காட்டினார். முன்பற்களில் அந்தச் சுவர் பெரும்பாலானோருக்கு 1 மில்லிமீட்டர் கனம்கூட இருப்பதில்லை என்றும், பல் போனபின் அதுவே முதலில் கரையும் என்றும், உடனே இம்பிளான்ட் வைத்தாலும் அந்தக் கரைவு முழுமையாக நிற்காது என்றும் பொறுமையாக விளக்கினார். சுவர் உடையாமலும் சீழ் இல்லாமலும் இருந்து, வேர்நுனிக்கு மேலே திருகு இறுகப் பிடிக்க 3 முதல் 5 மில்லிமீட்டர் எலும்பும் இருந்தால்தான் அன்றே வைப்பேன், இல்லையேல் குழி ஆறட்டும் என்றார். சர்க்கரை அளவைப் பரிசோதித்துவரச் சொன்னார். புகைப்பழக்கம் உண்டா என்றும் கேட்டார்.

சிகிச்சையன்று, மெல்லிய கத்தி போன்ற கருவியால் பல்லைச் சுற்றிலும் சிறிது சிறிதாக விடுவித்து எடுத்தார். பிறகு குழியின் சுவர்களைத் தடவிப் பார்த்து, நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்ன பின்னரே டைட்டானியம் திருகை அண்ணப் பக்கமாகச் சாய்த்து இறக்கினார். முன்புற இடைவெளியில் எலும்புத் துகள் நிரப்பினார். எலும்பில் திருகு பிடித்த இறுக்கம் 35 நியூட்டன் சென்டிமீட்டரைத் தாண்டியதால் அன்றே தற்காலிகப் பல் கிடைத்தது. அது கீழ்ப்பற்களில் படாதபடி தேய்த்துவிடப்பட்டிருந்தது. நான்கு மாதம் கழித்து நிரந்தரப் பல் வைத்தார்கள். ஈறு நூலளவு மேலேறியிருக்கிறது. அவர் முன்பே எச்சரித்திருந்ததால் எனக்கு வருத்தமில்லை.

குறை இரண்டு உண்டு. எலும்புத் துகளுக்கான கட்டணம் முதலில் தந்த மதிப்பீட்டில் இல்லை. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. அன்றே வைப்பதா, காத்திருப்பதா என்பது வாய் மரத்து நாம் பேச இயலாமல் கிடக்கும் நேரத்தில்தான் முடிவாகிறது. ஆகவே இரண்டு வழிகளையும், அவற்றின் கட்டணங்களையும் தமிழில் அச்சிட்டு, வீட்டில் படித்துப் பார்க்கும்படி முதல் நாளே தர வேண்டும் என்று மருத்துவமனையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.