விசாப் படிவத்தை நிரப்புவது யார்: நாமா, ஏஜென்சியா, வெளிநாட்டுச் சொந்தமா?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருக்கும் ஒருவருக்கு வெளிநாடு சுற்றிப் பார்க்கும் ஆசை வந்தால் விசாவுக்கு மூன்று வழி உண்டு. தானே ஒன்லைனில் நிரப்பலாம். டவுனில் இருக்கும் ஏஜென்சியில் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு வரலாம். இல்லையென்றால் லண்டனிலோ சூரிச்சிலோ இருக்கும் தம்பியை, மருமகளை நிரப்பச் சொல்லலாம். மூன்று வழியிலும் விசா கிடைத்தவர்களும் உண்டு, மறுக்கப்பட்டவர்களும் உண்டு. போகிற நாடு எதுவென்று பாராமல் எல்லாவற்றுக்கும் ஒரே வழியைப் பிடித்துக்கொள்வதில்தான் காசு வீணாகிறது.

முதலில், யாருடைய உதவியும் தேவைப்படாத நாடுகள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு சிங்கப்பூரில் விசா வேண்டாம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை ஒன்லைனில் நிரப்பினால் சரி, அது இலவசம். மாலைதீவு போய் இறங்கியதும் 30 நாள் விசாவைக் காசு வாங்காமல் தருகிறது. தாய்லாந்து 2024 ஜூலையில் இலங்கையரையும் விசா விலக்குப் பட்டியலில் சேர்த்தது. அங்கு விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் வாரத்தில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. இந்த இலவச அட்டைகளை நிரப்பித் தரவும் ‘சேர்விஸ் சார்ஜ்’ கேட்பவர்கள் உண்டு. பிள்ளையின் போனில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை அது.

இந்தியாவுக்கு வருவோம். திருச்செந்தூர், சிதம்பரம், வேளாங்கண்ணி, நாகூர் என்று நம் பகுதியிலிருந்து அதிகம் போவது அங்கேதான். இந்தியா போக இ-விசா இருக்கிறது. கடவுச்சீட்டின் முதல் பக்கத்தை 300 கேபிக்கு மேற்படாத பிடிஎப் ஆகவும், வெள்ளைப் பின்னணியில் எடுத்த சதுரப் படத்தை ஒரு எம்பிக்குள்ளும் ஏற்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்வது இந்த அளவுகளில்தான், ஆங்கிலத்தில் இல்லை. கொம்யூனிகேஷன் கடையில் ஸ்கேன் செய்யும்போதே அளவைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. குறைந்தது நான்கு நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். தாய் தகப்பன் பிறந்த ஊர், உடம்பில் உள்ள அடையாளம், இந்தியாவில் ஒருவருடைய பெயரும் முகவரியும் எனக் கேள்விகள் நீளும். தெரிந்தவர் யாரும் அங்கே இல்லையென்றால் தங்கப்போகும் ஹோட்டலின் விபரத்தைக் கொடுக்கலாம்.

இங்கே ஏஜென்சியை விட நாமே நிரப்புவது மேல் என்பேன். காசு மிச்சமாகும் என்பது ஒரு காரணம்தான். பெயரிலோ கடவுச்சீட்டு இலக்கத்திலோ ஒரு எழுத்துப் பிழைத்தாலும் அனுப்பிய பிறகு திருத்த முடியாது. திரும்ப விண்ணப்பித்து, திரும்பக் கட்டணமும் கட்ட வேண்டும். ஒரே நாளில் இருபது பேருக்கு அடிக்கிறவரைவிட, தன் பெயரைத் தானே அடிக்கிறவர் அதைக் கவனமாகத்தான் பார்ப்பார். இன்னொன்று, இ-விசா எல்லா வாசலிலும் செல்லாது, பட்டியலில் உள்ள விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும்தான் செல்லும். சென்னையும் திருச்சியும் அதில் உண்டு. காங்கேசன்துறையில் ஏறி நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் போக நினைப்பவர்கள் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் டிக்கெட் போடக்கூடாது. இந்திய அரசின் தளம் மாதிரியே தோற்றமளிக்கும் தனியார் தளங்களும் கூகுளில் மேலே வந்து நிற்கும். முகவரி ‘கவ் டொட் இன்’ (gov.in) என்று முடிகிறதா என்று பாருங்கள்.

டுபாய் கதை வேறு. அங்கே சுற்றுலா விசாவை விமான நிறுவனம், ஹோட்டல், பயண முகவர் வழியாகப் பெறுவதே வழமை. ஐம்பது பேர் சேர்ந்து போகும் யாத்திரைக் குழுவுக்கும் அப்படித்தான். அந்த இரண்டுக்கும் ஏஜென்சிதான் வசதி, அதில் வாதிட ஒன்றுமில்லை. ஆனால் சுவரில் தொங்கும் வேலைவாய்ப்புப் பணியக உரிமத்தைக் காட்டி ‘நாங்க ரெஜிஸ்டர் பண்ணின ஆக்கள்’ என்று சொன்னால், அந்த உரிமம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதற்கானது. சுற்றுலா விசாவுக்கு அது எந்தத் தகுதியும் ஆகாது.

ஐரோப்பா, பிரித்தானியா, கனடா என்று வந்தால்தான் மூன்று வழிக்கும் உண்மையான போட்டி. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. ஆறு வயதுக்கு மேல் பன்னிரண்டுக்குள் என்றால் பாதி. பிரித்தானியாவின் ஆறு மாத விசிட் விசா 2025 ஏப்ரலில் 127 பவுணுக்கு ஏறியது. கனடாவுக்கு 100 கனேடிய டொலர், கைரேகைக்கு இன்னொரு 85. மறுத்தால் ஒரு சதமும் திரும்பி வராது. யார் நிரப்பினாலும் கைரேகை கொடுக்கப் பொதுவாகக் கொழும்புக்கு நாம்தான் போக வேண்டும். மட்டக்களப்புக்காரருக்கு ரயிலாவது இருக்கிறது. அம்பாறை மாவட்டத்துக்குத் தண்டவாளமே இல்லாததால் அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் இருப்பவர்களுக்கு இரவு பஸ்தான். ‘எல்லாம் நாங்க பார்க்கிறம்’ என்று ஏஜென்சி சொன்னாலும் இந்த அலைச்சல் குறையாது.

சரி, ஏஜென்சி எதைக் குறைக்கிறது? மொழிபெயர்ப்பைக் குறைக்கிறது. தமிழில் உள்ள பிறப்பு, விவாகச் சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுக்க வேண்டும். அவரைத் தேடி அலைவதற்குப் பதிலாக ஒரே இடத்தில் வேலை முடியும். ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோவை ஈடுகட்டும் மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். அதையும் எடுத்துத் தருவார்கள். அதற்குக் காசு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பயம் என்னவென்றால், படிவத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாமல் போவது. மாத வருமானத்தைக் கொஞ்சம் உயர்த்துவார்கள். முந்தி ஒரு நாட்டில் விசா மறுக்கப்பட்டதை ‘அது தேவையில்லை’ என்று விட்டுவிடுவார்கள். பிரித்தானியப் படிவம் எந்த நாட்டில் மறுக்கப்பட்டிருந்தாலும் சொல்லச் சொல்கிறது. ஏமாற்றியதாக முடிவு செய்தால் அங்கே பத்து வருடத் தடை வரலாம், கனடாவில் ஐந்து வருடம். ‘ஏஜென்சி எழுதினது, எனக்குத் தெரியாது’ என்பது அங்கே எடுபடாது. கனடாவைப் பொறுத்தவரை, காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தைக் கையாள்கிறவர் அந்த நாட்டில் அனுமதி பெற்ற சட்டத்தரணியாகவோ குடிவரவு ஆலோசகராகவோ இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இன்னொரு பொறி, ஈமெயில். பல இடங்களில் ஏஜென்சியின் ஈமெயிலைப் போட்டுத்தான் கணக்குத் திறக்கிறார்கள். மேலதிக ஆவணம் கேட்டு வரும் கடிதம் அவர்களுக்குப் போகும், மறுப்புக் கடிதமும் அவர்களுக்கே போகும். ஏஜென்சியிடம் கொடுப்பதென்றே முடிவெடுத்தாலும் ஈமெயிலும் பாஸ்வேர்டும் நம்முடையதாக இருக்கட்டும்.

வெளிநாட்டுச் சொந்தம் நிரப்புவதில் அன்பு உண்டு, ஆங்கிலமும் நன்றாக இருக்கும், கட்டணத்தையும் அவர்களுடைய கார்டிலேயே கட்டிவிடுவார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது இருபது வருடத்துக்கு முந்தைய ஊர். வேலை முடிந்து வந்து இரவில் அவசரமாக நிரப்பும்போது நம் மாதச் செலவையும் காணி விபரத்தையும் உத்தேசமாகப் போட்டுவிடுவார்கள். அவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை வேறொன்று இருக்கிறது. பிரான்சில் இருப்பவர் தன் ஊர் நகரசபைக்கு (மேரி) போய் விருந்தினரை ஏற்கும் சான்றை எடுக்க வேண்டும். ஜெர்மனியில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் எடுக்க வேண்டும். சுவிஸ் அதிகாரிகள் கேட்டால் அங்கிருப்பவர் 30,000 பிராங்குக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும். லண்டன் என்றால் அழைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கூற்று. இவை ஒழுங்காக வந்தாலே பெரிய உதவி. படிவத்தை நாம் நிரப்பிய பிறகு ஒருமுறை வாசித்துப் பார்க்கவும் சொல்லலாம்.

மூன்று வழியிலும் விண்ணப்பம் அடிபடுவது அநேகமாக வங்கிக் கணக்கில்தான். இதை நம் மாவட்டத்துக்காரர்தான் தனியாகக் கவனிக்க வேண்டும். அரச உத்தியோகத்தருக்கு மாதாமாதம் சம்பளம் விழும், கணக்கு தெளிவாக இருக்கும். வயல் செய்கிறவருடைய கணக்கு அப்படி இல்லை. பெரும்போகம் வெட்டி மாசி, பங்குனியில் பெருந்தொகை வரும். பிறகு சிறுபோகம் முடியும் வரை கரைந்துகொண்டே போகும். கொழும்பிலோ வேறு நாட்டிலோ இருந்து கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கு அது விசாவுக்காகக் கைமாற்று வாங்கிப் போட்ட காசு போலத் தெரியும். நெல் ஆலைக்காரர் தந்த பில், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், எந்த மாதம் எந்தப் போகத்தின் காசு வந்தது என்று விளக்கும் ஒரு பக்கக் கடிதம், இவை மூன்றையும் சேர்த்து வைத்தால் அந்தச் சந்தேகத்துக்கு வேலை இல்லை. ஏஜென்சியின் அச்சடித்த கடிதத்தில் இது வராது, லண்டன் தம்பிக்கும் தோன்றாது. வயல் செய்கிறவர்தான் எழுத வேண்டும்.

கடைசி நேரத்தில் வெளிநாட்டிலிருந்து பத்து லட்சம் அனுப்பி நம் கணக்கைக் கொழுக்க வைப்பதும் இதே சிக்கலைத்தான் கொண்டுவரும். செலவை அண்ணன் ஏற்கிறார் என்றால் அண்ணன் ஏற்கிறார் என்றே எழுதலாம், அது குற்றமில்லை. அவருடைய கணக்கு அதற்குச் சாட்சி.

ஆகவே என் தெரிவு இது. இந்தியாவுக்கு நாமே. டுபாய்க்கும் குழு யாத்திரைக்கும் ஏஜென்சி. ஐரோப்பா, பிரித்தானியா, கனடாவுக்குப் படிவம் நம் கையால், ஆதாரங்கள் சொந்தத்திடமிருந்து, மொழிபெயர்ப்பும் காப்புறுதியும் வேண்டுமானால் ஏஜென்சியிடம். கனடாவில் பிள்ளை இருக்கிற பெற்றோர் சாதாரண விசிட் விசாவோடு சூப்பர் விசாவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதில் ஒருமுறை போனால் ஐந்து வருடம் வரை தங்கலாம். பதிலுக்குப் பிள்ளையின் வருமானம் ஒரு அளவுக்கு மேல் இருக்க வேண்டும், குறைந்தது ஒரு லட்சம் கனேடிய டொலருக்கு மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். இரண்டு மாதம் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு அறுவடைக்குத் திரும்புகிறவருக்கு அது தேவையில்லாத செலவு.

ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு யாரோ ஒருவர் நிரப்பித்தான் ஆக வேண்டும். அது பக்கத்து வீட்டு ஏ.எல் படிக்கிற பிள்ளையாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் கேட்டு, அம்மா சொன்ன பதிலையே எழுதச் சொல்லுங்கள். அனுப்பிய படிவத்தில் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை விண்ணப்பிக்கும்போது பழைய பதில்களையும் விசா அதிகாரிகள் எடுத்துப் பார்க்கலாம்.