திப்பு சுல்தான் படம், 38,500 ரூபாய்: பிரேமுக்குள் இருந்தது இங்க்ஜெட் தாள்

38,500 ரூபாய். இருநூறு வருடப் பழைய செப்புத்தகட்டு அச்சு (செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை பூசித் தாளில் அழுத்தி எடுப்பது) என்று சொல்லி வாங்கிய பணம் இது. பெட்டியில் வந்தது இங்க்ஜெட் மெஷினில் அடித்த நகல். கோபம் ஆறினால் பாதி விவரம் விட்டுப்போகும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

விற்றது, பழைய வரைபடங்களும் பிரேம் போட்ட போர்க்காட்சிப் படங்களும் விற்கும் ஓர் ஆன்லைன் கடை. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்தபோது திப்பு சுல்தான் கடைசியாகப் போரிட்டு வீழும் காட்சி அந்தப் படம். லண்டன் ஓவியர் ஹென்றி சிங்கிள்டன் வரைந்ததை ஸ்கியாவொனெட்டி செப்புத்தகட்டில் புள்ளி புள்ளியாகச் செதுக்கினார். அந்தப் போருக்கு ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் ஹாரிஸின் படை கிளம்பியதே வேலூரிலிருந்துதான். திப்புவின் குடும்பத்தைப் பிறகு அடைத்து வைத்ததும் வேலூர்க் கோட்டையில்தான். அதனால் நம் பக்கத்தில் இந்தப் படத்தைத் தேடுகிறவர்கள் நிறைய. அந்த ஆசையை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

நம்ப வைத்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். பணம் அனுப்பும் முன், லென்ஸ் வைத்து எடுத்த போட்டோ கேட்டேன். உடனே வந்தது. முகத்திலும் தோளிலும் சின்னதும் பெரிதுமாக, ஒழுங்கில்லாத புள்ளிகள்; மை தாளுக்கு மேல் லேசாகப் புடைத்து நின்றது. படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம். கீழே நடுவில் தலைப்பு, இடது ஓரத்தில் ஓவியர் பெயர், வலது ஓரத்தில் செதுக்கியவர் பெயர், அதற்கும் கீழே வெளியிட்ட தேதியும் முகவரியும். தலைப்புக்குப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஈரக்கறை. எல்லாம் சரி. போட்டோவில் இருந்தது அசல்தான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. போனில் பேசியவருக்கு விஷயமும் தெரிந்திருந்தது. ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற பிரிட்டிஷ் ஓவியர் இதே கோட்டைப் பிடிப்பை 1800-இல் லண்டனில் பெரிய பனோரமாவாக, அதாவது மிக அகலமான காட்சி ஓவியமாக, வரைந்து காட்டியதை அவரே எடுத்துச் சொன்னார். 38,500 ரூபாயை மொத்தமாக அனுப்பினேன்.

வந்த பிரேமில் அகலமான கிரீம் நிற மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை. அதன் ஜன்னலைப் படத்தின் விளிம்பு வரை நெருக்கி வெட்டியிருந்ததால் தகட்டுப் பள்ளம் இருக்க வேண்டிய இடமே வெளியில் தெரியவில்லை. பின்னால் ஹார்ட்போர்டு, சுற்றிலும் பிரவுன் டேப், அதன்மேல் 'பிரித்தால் உத்தரவாதம் செல்லாது' என்று ஒரு ஸ்டிக்கர்.

பிரித்தேன். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸை வைத்ததுமே விஷயம் வெளியே வந்துவிட்டது. கறுப்பாகத் தெரிந்த இடத்தில்கூட நீலம், சிவப்பு, மஞ்சள் தூறல். செதுக்கிய எழுத்தின் ஓரம் கத்தி வெட்டியது போலக் கூர்மையாக இருக்கும்; இதில் ஓரமெல்லாம் மங்கிக் கசிந்திருந்தது. தகட்டுப் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் விரலை ஓட்டினால் தாள் சமதளம். பள்ளத்தின் நிழல் மட்டும் அச்சாகியிருந்தது. புறஊதா டார்ச் அடித்தால் தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. வெண்மை கூட்டும் ரசாயனத்தைத் தாளில் சேர்க்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். 1800-இன் தாள் அப்படி ஒளிராது.

இதற்கெல்லாம் மேலே அந்தக் கறை. தலைப்புக்குப் பக்கத்தில், போட்டோவில் பார்த்த அதே வடிவம், அதே இடம். லென்ஸில் பார்த்தால் கறையும் வண்ணப் புள்ளிகளால் ஆனது! கறையையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். உண்மையான ஈரக்கறை தாளுக்குள் ஊறி, பெரும்பாலும் பின்பக்கமும் தெரியும். இங்கே பின்பக்கத்தைப் பார்க்கவே வழியில்லை. முழுத் தாளையும் பசை போட்டு ஹார்ட்போர்டில் ஒட்டியிருந்தார்கள். அசலை எவனும் அப்படி ஒட்ட மாட்டான். ஒட்டினால் ஹார்ட்போர்டின் அமிலம் ஏறித் தாள் பழுத்துவிடும், விலையும் போய்விடும். ஆக, ஓர் அசலை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, அதன் போட்டோவைக் காட்டி நகலை விற்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் விற்றிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

பிறகு நடந்தது தட்டிக்கழிப்பு. முதலில், "பிரேமைப் பிரிச்சுட்டீங்களே சார், இனிமே ரிட்டர்ன் எடுக்க முடியாது." அடுத்து, "பழைய ஸ்டைல் பிரிண்ட்னுதான் சார் பில்லுல இருக்கு." பில்லில் அப்படித்தான் இருந்தது, விளம்பரத்தில் இருந்த 'செப்புத்தகட்டு அச்சு' பில்லில் இல்லை. பிறகு, "ஓனர் ஊர்ல இல்ல." கடைசியில், 38,500 ரூபாய்க்கு அவர்கள் கடையிலேயே வேறு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதுவும் எந்த மெஷினில் அடித்ததோ. இப்போது போனை எடுப்பதேயில்லை.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. அவசரமாக இவ்வளவுதான். பிரேம் போட்டு வாங்காதீர்கள். தாளை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், பிரேமை உங்கள் ஊரில் அமிலமில்லாத மவுண்டோடு போட்டுக்கொள்ளலாம். பின்பக்கத்தையும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த தாளையும் காட்டும் வீடியோ கேளுங்கள். அதில் அன்றைய தேதி எழுதிய சீட்டு படத்தோடு சேர்ந்து தெரிய வேண்டும். அச்சு முறையும் ஆண்டும் பில்லிலேயே இருக்கட்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை விற்கும் வியாபாரிக்கு 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. என் 38,500 ரூபாய்க்கான புகாரை நான் பதிந்துவிட்டேன்.