பயர்வால் லாக்: யூஎஃப்டபிள்யூவா, ஓபிஎன்சென்ஸா?

எங்கள் சின்ன அலுவலகத்தை இணையத்தோடு இணைக்கும் கேட்வே மெஷின் வெகுநாள் உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற பயர்வாலோடு (எந்தப் போக்குவரத்தை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் மென்பொருள்) ஓடியது. இப்போது அந்த இடத்தில் ஓபிஎன்சென்ஸ் என்ற பயர்வால் சிஸ்டம். இரண்டும் இலவசம், இரண்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. விதி எழுத யூஎஃப்டபிள்யூதான் எளிது, ஒரு வரி போதும். ஆனால் "இது ஏன் கனெக்ட் ஆகவில்லை?" என்று யாராவது வந்து நிற்கும்போது பார்க்க வேண்டியது லாக், அதாவது பயர்வால் எழுதிவைக்கும் பதிவு. அங்கேதான் நான் ஓபிஎன்சென்ஸ் பக்கம் சாய்கிறேன்.

யூஎஃப்டபிள்யூ லாக்கில் தகவலுக்குப் பஞ்சமில்லை. எந்த இன்டர்ஃபேஸ், யாரிடமிருந்து யாருக்கு, எந்த போர்ட், எந்த ஃப்ளாக் (பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, எதற்காக வருகிறது என்று சொல்லும் குறி) என்று எல்லாவற்றையும் லினக்ஸ் கெர்னல் ஒரே வரியில் கொட்டிவிடும். ஆனால் எந்த விதி தடுத்தது என்பது அதில் இருக்காது. லாக் கேட்டு நீங்களே எழுதிய தடை விதியானாலும் சரி, எதிலும் பொருந்தாமல் பொதுத் தடையில் விழுந்தாலும் சரி, வரியின் தலையில் 'யூஎஃப்டபிள்யூ பிளாக்' என்றே வரும். அடுத்தடுத்து வரும் இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் லிமிட் விதிக்கு மட்டும் தனித் தலைப்பு உண்டு. அதோடு வழக்கமான 'லோ' லாக் நிலையில் பொதுத் தடைக்கான லாக்குக்கு நிமிடத்துக்கு 3 வரி, தொடக்கத்தில் 10 வரை என்று வரம்பு இருக்கிறது. அதனால் லாக்கில் காணோம் என்பதை வைத்து, பாக்கெட் தடுக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. இன்வேலிட் (தெரிந்த எந்த இணைப்போடும் சேராத) பாக்கெட்டுகளையும் பார்க்க 'மீடியம்' நிலைக்கு ஏற்றினால், புதிய இணைப்புகளும் சேர்ந்துகொண்டு லாக் பெருத்துவிடும்.

ஓபிஎன்சென்ஸில் லாக்கை உடனுக்குடன் காட்டும் லைவ் வியூ திரையில் ஒவ்வொரு வரியிலும் லேபிள் என்ற கட்டம் உண்டு. விதிக்கு நீங்கள் எழுதிய விளக்கமே அங்கே வரும். 'கேமரா வெளியே போகக் கூடாது' என்று எழுதியிருந்தால், கேமராவின் பாக்கெட் தடுக்கப்படும்போது அதே சொற்கள் கண்ணில் படும். அந்த விதியில் லாக் டிக்கை மட்டும் நீங்கள்தான் போட வேண்டும்.

பலரைக் குழப்புவது 'டிஃபால்ட் டினை / ஸ்டேட் வயலேஷன்' என்ற லேபிள்: அனுமதிக்கும் விதி இல்லை, அல்லது பயர்வால் நினைவில் வைத்திருக்கும் இணைப்போடு பாக்கெட் சேரவில்லை என்று பொருள். 443-க்கு (எச்டிடிபிஎஸ் தளங்களுக்கான போர்ட்) அனுமதி கொடுத்த பிறகும் 443 தடுக்கப்பட்டதாகக் காட்டும். உடனே புது விதி எழுத வேண்டாம், வரியைத் திறந்து டிசிபி ஃப்ளாக்கைப் பாருங்கள். சின் (தொடங்கும் குறி) மட்டும் இருந்தால் அது புதிய இணைப்பு, அதை அனுமதிக்கும் விதி நிஜமாகவே இல்லை. ஃபின் (மூடும் குறி), ஆக் (பெற்றதற்கான ஒப்புதல்) இருந்தால் பெரும்பாலும் முடிந்துபோன இணைப்பின் மிச்சம். தூங்கி எழுந்த போன் பழைய இணைப்பை மூடப் பார்க்கிறது, பயர்வாலோ அதை எப்போதோ மறந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. சின்-ஆக் (சின்னுக்கு வரும் பதில்) திரும்பத் திரும்ப விழுந்தால்தான் கவனிக்க வேண்டும்: பெரும்பாலும் கேள்வி ஒரு வழியில் போய், பதில் வேறு வழியில் வருகிறது. ரவுட்டிங்கைச் (பாக்கெட் போகும் வழியை) சரிசெய்யாமல் வழக்கமான அனுமதி விதி மட்டும் அதைத் தீர்க்காது.

ஓபிஎன்சென்ஸிலும் குறை உண்டு. தனியாக ஒரு மெஷின் வேண்டும். திரையை விட்டு மூல லாக்கைத் திறந்தால் கமா போட்ட எண்களாக நிற்கும். கிரெப் (வரிகளில் சொல் தேடும் கட்டளை) போட்டுத் தேட யூஎஃப்டபிள்யூ வரிகளே சுகம். நான் பார்த்ததும் ஒரு சின்ன அலுவலகத்தின் போக்குவரத்தைத்தான். பெரிய டேட்டா சென்டருக்கு இதை வைத்துப் பேச மாட்டேன்.

ஒற்றை சர்வர்தான் என்றால் யூஎஃப்டபிள்யூவிலிருந்து மாற வேண்டியதில்லை. தொல்லை தரும் விதிக்கு மட்டும் ஐபிடேபிள்ஸில் (யூஎஃப்டபிள்யூவுக்கு அடியில் இருக்கும் லினக்ஸ் பயர்வால் கருவி) ஒரு லாக் வரி சேர்த்து, அதற்கு உங்கள் சொந்த முன்னொட்டைக் (லாக் வரியின் தலையில் வரும் சொல்) கொடுங்கள். 29 எழுத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.