‘ஸ்ரீபுரம்’ என்ற சொல்லை அசைத்துப் பார்த்தால்: சிஎஸ்எஸ், ஜிசாப், லாட்டி, ரைவ்

காட்பாடி சந்திப்பில் இறங்கும் பயணிகளை ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு அழைத்துச் செல்லும் வாடகைக் கார் உரிமையாளர் ஒருவருக்கு அண்மையில் இணையதளம் செய்துகொடுத்தேன். அவர் கேட்டவை இரண்டு. ‘வேலூர் – ஸ்ரீபுரம்’ என்ற தலைப்பு எழுத்தெழுத்தாக மேலெழும்பி வர வேண்டும். அதன் கீழே ஒரு சின்னக் கார், காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம், கோட்டை வழியாகக் கோயில்வரை வரைபடத்தில் ஓட வேண்டும். பக்கங்களில் அசைவுப்படம் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் இருந்த காலத்தில் இதற்கு ஒரே விடைதான் இருந்தது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அதன் ஆதரவு நின்றுவிட்டதால், இன்று சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழி), ஜிசாப் (அசைவுக்கான ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்பு), லாட்டி, ரைவ் (இரண்டும் வடிவமைப்பாளர் செய்த அசைவைக் கோப்பாகப் பக்கத்தில் ஓட்டுபவை) என்ற நான்கு வழிகளை ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆங்கிலத் தலைப்பை வைத்து எழுதப்படும் ஒப்பீடுகள் நமக்குப் பாதி வழிக்குத்தான் உதவும் என்பதை இந்த வேலை எனக்குக் காட்டியது.

முதலில் தலைப்பு. எழுத்துகளைத் தனித்தனி ஸ்பான்களாக (உரையின் ஒரு துண்டைச் சுற்றும் குறியீட்டு உறைகளாக) பிரிக்க நானே நான்கு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதினேன். ரயில் நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் உரிமையாளரின் கைபேசியில் திறந்து காட்டியபோது, ‘வேலூர்’ ஆறு துண்டுகளாக வந்து நின்றது: ஒரு ‘வ’, புள்ளி வட்டத்தோடு ஓர் ஏகாரக் குறி, பிறகு ‘ல’, அதன் பின்னால் அநாதையாக ஒரு ஊகாரக் குறி, ‘ர’, கடைசியில் வெறும் புள்ளி. “என் ஊரு பேரே உடைஞ்சு கெடக்குதே சார்” என்றார். தவறு என்னுடையது. யூனிகோடில் ‘வேலூர்’ என்பது ஆறு குறியீடுகள்; நாம் படிப்பது மூன்றே எழுத்துகள். உலாவிகளில் இப்போது உள்ள, எழுத்தின் எல்லையைக் கண்டறியும் செக்மென்டர் வசதி மெய்யையும் உயிர்க்குறியையும் சேர்த்தே தருவதால் வே, லூ, ர் என்று சரியாகப் பிரிகிறது. ஆனால் அதுவும் ‘ஸ்ரீபுரம்’ என்ற இடத்தில் சறுக்குகிறது. ஸ்ரீ என்ற கூட்டெழுத்தை அது ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டாக வெட்டும். வெட்டியவை வெவ்வேறு ஸ்பானில் இருந்தால் எழுத்துரு அவற்றை மறுபடி ஒட்டாது. அந்த ஒன்றை மட்டும் கையால் சேர்த்துவிட வேண்டும்.

வெறும் சிஎஸ்எஸ்ஸில் இந்தச் சிக்கலே எழாது, ஏனெனில் அதனால் எழுத்தைப் பிரிக்கவே முடியாது. சொல்லை முழுதாக ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்கு வெளியே தெரிவதை மறைத்து, கீழிருந்து மேலே தள்ளுவதுதான் அங்கே இயல்பான வழி. உருமாற்றம் (டிரான்ஸ்ஃபார்ம்), ஒளிபுகும் தன்மை ஆகிய இரண்டை மட்டும் அசைத்தால் பக்கத்தை மறுபடி அடுக்கும் வேலை உலாவிக்கு இல்லை. நொடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்றால் ஒரு சட்டத்துக்குக் கிடைக்கும் சுமார் 16.7 மில்லி நொடிக்குள் மலிவான கைபேசியும் வேலையை முடித்துவிடும். கூடுதலாக எந்தக் கோப்பும் இறங்க வேண்டியதில்லை. ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு: ஆங்கிலத்துக்கு அளந்த, எழுத்தளவைப்போல் 1.1 மடங்கு வரி உயரத்தை அப்படியே விட்டால், ‘லூ’வின் கீழ்ச்சுழியும் ‘ர்’-இன் புள்ளியும் பெட்டியின் விளிம்பில் வெட்டுப்படலாம். நான் 1.6 வைத்தேன்.

கார் ஓட்டத்தில்தான் சிஎஸ்எஸ் தடுமாறியது. பாதை வழி நகர்த்தும் பண்பு இருக்கிறது. ஆனால் அதில் நேரடியாக எழுதிக்கொடுக்கும் பாதையின் அளவுகள் பிக்சலில் உறைந்துவிடுகின்றன. திரை குறுகியதும் கார் சாலையைவிட்டுப் பாலாற்றில் இறங்கிவிட்டது. ஆற்றில் மணல்தானே இருக்கிறது, பரவாயில்லை என்றார் உரிமையாளர். மேலும், கார் கோட்டையைத் தொடும்போது அந்த இடத்தின் பெயர் தோன்ற வேண்டும் என்றால் ஒவ்வொரு தாமதத்தையும் கையால் கூட்டிப் போட வேண்டும். ஒன்றை மாற்றினால் பின்னால் உள்ளவை எல்லாம் மாறும்.

ஜிசாப்பின் பலம் சரியாக அந்த இடத்தில் இருக்கிறது. அதன் காலக்கோட்டில் ‘முந்தையது முடிந்ததும்’, ‘முந்தையதோடு சேர்ந்து’ என்று சொல்லி வைத்துவிட்டால், ஒன்றை நீட்டும்போது மற்றவை தாமாக நகர்கின்றன. வரைபடத்தில் உள்ள பாதையோடு காரைப் பொருத்தவும் முடிகிறது. 2024-இல், இணையதளம் கட்டும் கருவி தரும் வெப்ஃப்ளோ நிறுவனம் இதை வாங்கி, 2025-இல், முன்பு கட்டணம் செலுத்த வேண்டியிருந்த துணைக்கருவிகள் உட்பட எல்லாவற்றையும் இலவசமாக்கியது. எனினும் வழக்கமான திறமூல உரிமம் அன்று. வெப்ஃப்ளோவுக்குப் போட்டியான காட்சிவழி அசைவுக் கருவி செய்பவர்கள் உரிமத்தைப் படித்துவிட்டே தொட வேண்டும். எழுத்துப் பிரிக்கும் அதன் துணைக்கருவி, பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பான் முழுச் சொல்லையும் படிக்க வழிசெய்கிறது; அசைவு முடிந்ததும் பழைய எழுத்தை அப்படியே திரும்ப வைக்கவும் விடுகிறது. இந்தக் கடைசி வசதி வேலூரில் ஆடம்பரம் அன்று. இங்கே சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து தங்கும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் பக்கத்தை உலாவியில் மொழிபெயர்த்துப் படிப்பார்கள். துண்டு துண்டாகக் கிடக்கும் ஸ்பான்களை மொழிபெயர்த்தால் வருவது உளறல்.

லாட்டியை நான் கோபுரத்து விளக்குகள் போன்ற அலங்காரப் படங்களுக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். ஏர்பிஎன்பி 2017-இல் வெளியிட்ட இது, நிழலுரு அசைவுப்படக் கலைஞர் லாட்டே ரைனிகரின் பெயரைத் தாங்கியது. வடிவமைப்பாளர் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவுப்பட மென்பொருளில் செய்ததை ஜேசான் எனும் தரவுக் கோப்பாகத் தருகிறார். நாம் பக்கத்தில் ஓடவிடுகிறோம். ஓவியம் நுணுக்கமாக இருந்தால் இதற்கு இணையில்லை. தமிழ் எழுத்தை அதில் வைக்க வேண்டுமானால், வடிவங்களாக மாற்றி வைப்பதே நம்பகமானது. அப்படி வைத்தபின் கார் வாடகை நூறு ரூபாய் ஏறினாலும் வடிவமைப்பாளரைத்தான் தேட வேண்டும்.

ரைவ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தொட்டால் கார் கதவு திறக்க வேண்டும், பயணிகளின் எண்ணிக்கைக்கேற்ப வண்டி மாற வேண்டும் என்பன போன்றவற்றை நிலை இயந்திரமாக (எப்போது எந்த நிலைக்கு மாற வேண்டும் என்ற விதிகளின் தொகுப்பாக) வடிவமைப்பாளரே கட்டிவிடலாம். எழுத்தை அடுக்க ஹார்ஃப்பஸ் என்ற நிரல் பயன்படுவதால், பொருத்தமான எழுத்துருவைக் கோப்பில் சேர்த்தால் தமிழ் உடையாது. ஆனால் பக்கத்தில் அதை ஓட்டும் இயக்கி கனமானது. கனம் குறைந்த பதிப்பை எடுத்தால் எழுத்து வசதியே இல்லை. கேன்வாஸ் எனும் வரைபரப்பில் படமாக வரையப்படும் எழுத்தை மொழிபெயர்க்கவும் முடியாது, நகலெடுக்கவும் முடியாது. தேடுபொறிக்கும் அது படமே.

பழைய அசைபட வடிவமான ஜிஃப் 256 நிறங்களோடு நின்றுவிட்டது. ஒலியில்லாத எம்பி4 காணொளி அதற்குப் போதிய மாற்று.

இறுதியில் தலைப்புக்குச் சிஎஸ்எஸ், சொல் சொல்லாக. எழுத்தெழுத்தாக வேண்டும் என்ற ஆசையை உரிமையாளரே கைவிட்டார். காருக்கு ஜிசாப். அசைவைக் குறைக்குமாறு கைபேசியில் அமைத்திருப்பவர்களுக்குக் கார் நேராகக் கோயில் வாசலில் நிற்கும். வாடகைத் தொகை சாதாரண எழுத்தாக இருக்கிறது. சென்ற வாரம் அதை அவரே மாற்றிக்கொண்டார்.