தண்ணீரா, மணலா, வெறும் தட்டா: கரி ஸ்மோக்கரில் சூட்டைப் பிடித்து நிறுத்துவது எது?

அடியில் கரி, நடுவில் ஒரு தட்டு, மேலே இறைச்சி வைக்கும் கம்பி வலை, அதற்கும் மேலே குவிந்த மூடி. மூடியிலும் அடியிலும் காற்றுக்காகத் திறந்து மூடும் துளைகள். இறைச்சியைப் புகையிலும் மெல்லிய சூட்டிலும் நிதானமாக வேகவைக்கும், கரியில் இயங்கும் தண்ணீர் ஸ்மோக்கர் என்பது இவ்வளவுதான். வெபர் நிறுவனம் 1981இல் ஸ்மோக்கி மவுண்டன் என்ற ஸ்மோக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. இதை வைத்திருப்பவர்களின் வழக்கும் தீரவில்லை. நடுத்தட்டில் தண்ணீர் ஊற்றுவதா, மணலைக் கொட்டுவதா, சும்மா விடுவதா? ஒவ்வொரு கட்சிக்கும் விட்டுக்கொடுக்காத ஆட்கள் இருக்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டில் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. கரியை எப்படிப் பற்றவைத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதைச் சரியாகச் செய்தவர் எந்தத் தட்டை வைத்தும் சமாளித்துவிடுவார். அதில் கோட்டை விட்டவரைக் காப்பாற்றக்கூடியது தண்ணீர் ஒன்றுதான், அதுவும் ஓரளவுக்குத்தான்.

நாம் பிடிக்க வேண்டிய சூடு பெரும்பாலும் 107 முதல் 121 டிகிரி செல்சியஸ். தோள்பட்டை, நெஞ்சுப் பகுதி போன்ற கெட்டியான இறைச்சித் துண்டுகளில் உள்ள கொலாஜன் என்ற கடினமான இணைப்புப் புரதம் இளகிக் குழைவதற்கு நேரம் வேண்டும். இறைச்சியின் உட்சூடு 70ஐத் தாண்டியபின் மெல்லத் தொடங்கும் அந்த வேலை, 90ஐத் தாண்டும்போதுதான் நிறைவடைகிறது. அதற்கு எட்டு மணி நேரமும் ஆகலாம், பதினான்கு மணி நேரமும் ஆகலாம். அவ்வளவு நேரம் ஒரு சிறு நெருப்பைப் பெரிதாகவும் விடாமல் அணையவும் விடாமல் வைத்திருப்பதுதான் இங்கே சவால்.

தண்ணீர்: தீனிக்காரன், ஆனால் நல்லவன்

தண்ணீர் சூட்டைச் ‘சேமித்து வைக்கிறது’ என்று பலர் சொல்கிறார்கள். உண்மையில் அது சூட்டைத் தின்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 335 கிலோஜூல் போதும். அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க இன்னும் 2,257 கிலோஜூல் வேண்டும், கிட்டத்தட்ட ஏழு மடங்கு. தண்ணீர்த் தட்டின் பலம் முழுவதும் இந்த இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது. நெருப்பு கொஞ்சம் கூடினால் தண்ணீர் வேகமாக ஆவியாகி அந்த அதிகச் சூட்டை எடுத்துக்கொண்டு மேல்துளை வழியே போய்விடுகிறது. நெருப்பு தணிந்தால் ஆவியாவதும் தணிகிறது. யாரும் கையை வைக்காமலே ஒரு கடிவாளம் வேலை செய்கிறது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால், இறைச்சிக்கு நேர்கீழே இருக்கும் அந்தத் தட்டும் அதைத் தாண்டாது.

இந்தக் கடிவாளம் இலவசமில்லை. நல்ல கரி கிலோவுக்கு 30,000 கிலோஜூல் வரை தரும். நான்கு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியாகப் பத்தாயிரத்துக்கும் மேல் வேண்டும். அதாவது ஏறத்தாழ 350 கிராம் கரி தண்ணீரைக் காயவைப்பதற்கே போகிறது. துளை வழியாகவும் ஸ்மோக்கரின் உடல் வழியாகவும் வீணாகும் சூட்டைச் சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும். தண்ணீர் ஊற்றிச் சமைப்பவருக்குக் கரி சீக்கிரம் தீர்கிறதே என்ற ஆச்சரியம் வேண்டியதில்லை.

இன்னும் மூன்று தொல்லைகள் உண்டு. முதலாவது, தட்டு வற்றிப்போவது. அதுவரை தண்ணீர் தின்றுகொண்டிருந்த சூடு மொத்தமும் ஒரே நேரத்தில் இறைச்சியின் பக்கம் திரும்பும். 110இல் நின்றிருந்த தெர்மாமீட்டர் முள் கொஞ்ச நேரத்தில் 150ஐ நோக்கி ஏறுவதற்கு இதுவே வழக்கமான காரணம். இரண்டாவது, வற்றுகிறதே என்று பதறிக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது. சூடு சட்டென்று இறங்கும், உடனே துளைகளைத் திறக்கத் தோன்றும், அரை மணி கழித்து எல்லாம் எல்லை மீறியிருக்கும். கொதிக்கும் தண்ணீரையே ஊற்ற வேண்டும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பு தண்ணீரின் மேல் ஏடுபோலப் படர்ந்துவிடும். அந்தப் படலம் தடித்தால் ஆவியாவது குறையும், கடிவாளமும் தளரும். தட்டில் தண்ணீர் நிறைய இருந்தும் சூடு ஏறுகிறது என்றால் அந்தப் படலத்தைச் சந்தேகப்படுங்கள்.

கோழிக்குத் தண்ணீர் பொருந்தாது. இந்தச் சூட்டில், இவ்வளவு ஈரத்தில் தோல் மொறுமொறுப்பாகாமல் ரப்பர்போல நிற்கும்.

மணல்: நினைவாற்றல் உண்டு, கட்டுப்பாடு இல்லை

மணல்காரர்களின் வாதம் எளிது: தண்ணீரைப் போலவே சூட்டை வாங்கிக்கொள்ளும் கனமான பொருள், வற்றாது, திரும்ப ஊற்ற வேண்டாம். முதல் பாதி தவறு, இரண்டாம் பாதி சரி. மணல் ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு, 0.8 கிலோஜூல் அளவே எடுத்துக்கொள்ளும், தண்ணீர் 4.18. ஐந்து கிலோ மணலை 20இலிருந்து 110 டிகிரிக்கு ஏற்ற 360 கிலோஜூல் போதும், அதாவது பத்துப் பன்னிரண்டு கிராம் கரி. நான்கு லிட்டர் தண்ணீர் தின்றதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கரிச் சிக்கனத்தில் மணல் எங்கோ நிற்கிறது.

ஆனால் சூடேறி முடித்த மணல் அதற்குமேல் எதையும் தடுப்பதில்லை. மூடியைத் திறந்து இறைச்சியைப் புரட்டும் ஒரு நிமிட இழப்பை அது நன்றாகவே ஈடுகட்டும். நெருப்பு தொடர்ந்து ஏறினாலோ மணலும் கூடவே ஏறும், 120க்கும் போகும், 180க்கும் போகும். அங்கே போய்விட்டால் தொல்லை இரட்டிப்பு. துளைகளை எல்லாம் மூடிய பிறகும் மணல் தான் வாங்கியதை நிதானமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் தவறை மன்னித்துவிடுகிறது. மணல் நினைவில் வைத்திருக்கிறது.

மணலை நன்றாகக் காயவைத்து, மேலே அலுமினியத் தாளை இறுக்கமாகப் போர்த்த வேண்டும். கொழுப்பு உள்ளே இறங்கினால் சில நாட்களில் வீசும் வாடைக்கு மருந்தில்லை.

மணலுக்குப் பதிலாகப் பூந்தொட்டியின் அடியில் வைக்கும் அகன்ற மண்தட்டைத் தாளில் சுற்றி வைப்பவர்களும் உண்டு. வேலை ஏறக்குறைய அதேதான், சுமை குறைவு. ஈரமாக இருக்கும்போது சூடேற்றினால் விரிசல் விடும், அவ்வளவுதான் எச்சரிக்கை.

வெறும் தட்டு

தாள் சுற்றிய வெறும் தட்டுக்கு ஒரே வேலை: கரியின் நேரடி அனல் இறைச்சியில் படாமல் மறைப்பது. தின்பதும் இல்லை, சேமிப்பதும் இல்லை. துளையில் நீங்கள் செய்யும் சிறு மாற்றத்துக்கும் சூடு உடனே பதில் சொல்லும். பழகியவருக்கு இது வரம், புதியவருக்குத் தலைவலி.

இங்கே நுணுக்கம் ஒன்றுதான். ஒரே ஒரு தாளைத் தட்டோடு ஒட்டி விரித்தால், சொட்டும் கொழுப்பு சுடும் உலோகத்தின் மேலேயே விழுந்து கருகும். அந்தப் புகை கசப்பானது, சில நேரம் தீயும் பிடிக்கும். தட்டின் அடிப்புறத்தை ஒரு தாளால் போர்த்துங்கள். மேலே இன்னொரு தாளைத் தளர்வாக, நடுவில் பள்ளம் விழும்படி, தட்டைத் தொடாமல் கட்டுங்கள். இடையில் நிற்கும் காற்று கொழுப்பைக் கருகாமல் காக்கும். மணலுக்கும் மண்தட்டுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

உண்மையான போட்டி கரியில் நடக்கிறது

பற்றவைப்பதில் இரண்டு முறைகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று, எல்லாக் கரியையும் சிம்னியில், அதாவது கரி பற்றவைக்கும் உலோகக் குழாயில், போட்டுச் சாம்பல் பூக்கும்வரை கனியவைத்து மொத்தமாகக் கொட்டுவது. மற்றொன்று, ஜிம் மினியன் என்பவரின் பெயரால் வழங்கும் மினியன் முறை: அடியில் கரியைத் தாங்கும் வளையம் நிறையப் பற்றாத கரி, அதன்மேல் கைப்பிடியளவு கனிந்த கங்குகள்.

முதல் முறையில் நீங்கள் உச்சியிலிருந்து தொடங்குகிறீர்கள். நெருப்பு முழு வேகத்தில் இருக்கிறது, அதை அடக்கிக் கீழே இறக்க வேண்டும், இறக்கியபின் அது தானாகவும் இறங்கிக்கொண்டே போகும். சில மணி நேரத்தில் மீண்டும் கரி சேர்க்க வேண்டும். இரண்டாம் முறையில் அடிவாரத்திலிருந்து ஏறுகிறீர்கள். கங்கிலிருந்து பக்கத்துக் கரிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று நெருப்பு தானே வழி பார்த்துக்கொண்டு போகும். ஒரு முறை நிரப்பிய கரியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவது சாதாரணம்.

செய்முறையைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். கரி வளையத்தின் நடுவில் கையால் ஒரு குழி பறியுங்கள். மரத் துண்டுகள் மூன்று நான்கை வெவ்வேறு ஆழத்தில் புதையுங்கள், அப்போதுதான் புகை ஒரே நேரத்தில் கிளம்பித் தீர்ந்துவிடாது. சிம்னியில் பதினைந்து இருபது அச்சுக்கரிகளை (கரித்தூளை அச்சில் அழுத்திய கட்டிகள்) மட்டும் கனியவைத்துக் குழியில் கொட்டுங்கள். அடித்துளைகள் முழுக்கத் திறந்திருக்கட்டும். முள் 90ஐத் தொட்டதும் மூன்று அடித்துளைகளையும் பாதியாக மூடுங்கள், 100ஐ நெருங்கும்போது கால்வாசிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஏறிவரும் சூட்டைப் பிடிப்பது எளிது. ஏறிவிட்ட சூட்டை இறக்குவது பெரும்பாடு.

இப்போது தட்டையும் நெருப்பையும் சேர்த்துப் பார்த்தால் வழக்கு தெளிவாகிறது. மொத்தக் கங்கும் தண்ணீரும் என்பது பழைய கூட்டணி. தொடக்கத்து வெறியைத் தண்ணீர் விழுங்கிவிடும், கரிதான் கரையும். மொத்தக் கங்கும் மணலும் என்பது நான் யாருக்கும் சொல்லாத ஜோடி. மினியன் முறையும் தண்ணீரும் மிக நிதானமானது, இரவு முழுக்க ஓட்டலாம், நடுவில் ஒரு முறை தண்ணீர் பார்க்க எழ வேண்டும். மினியன் முறையும் உலர்ந்த தட்டும் கரிக்கு மிகச் சிக்கனம், எழவும் வேண்டாம். ஆனால் முதல் ஒரு மணி நேரம் கண் அகலக்கூடாது. நெடுநேரச் சமையலுக்கு என் தேர்வு இந்தக் கடைசிதான். முதன்முதலாக ஸ்மோக்கர் வாங்கியவரிடம் கேட்டால் மூன்றாவதைச் சொல்வேன்.

கரியின் வகை பற்றி நடக்கும் சண்டையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அச்சுக்கரி ஒரே அளவு, ஒரே வேகம், நிறையச் சாம்பல். மரத்துண்டு வடிவிலேயே இருக்கும் கட்டிக்கரியில் சாம்பல் குறைவு, சூடு வேகம். பெரிய கட்டிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் நெருப்பு ஓரிடத்தில் பாயும், ஓரிடத்தில் நின்றுவிடும். நெடுநேரத்துக்கு அச்சுக்கரி. ஆறேழு மணி நேரம் கழித்துக் காரணமில்லாமல் சூடு இறங்கினால் சாம்பல் காற்றை அடைக்கிறது என்று பொருள். ஸ்மோக்கரின் காலை மெல்லத் தட்டினால் சாம்பல் உதிர்ந்து வழிவிடும்.

மேல்துளையா, அடித்துளையா

அடித்துளைதான். மேல்துளையை மூடிச் சூட்டைக் குறைக்கலாம், ஆனால் புகை உள்ளேயே தேங்கும். அரைகுறையாக எரிந்த புகையின் கசப்பு இறைச்சியில் ஏறும். உள்ளே நுழையும் காற்றை அளப்பதும் வெளியேறும் காற்றை அடைப்பதும் ஒன்றல்ல. மேல்துளை திறந்தே இருக்கட்டும். காற்று வீசும் நாளில் காற்று அடிக்கும் திசையிலுள்ள அடித்துளையை மூடிவிட்டு மற்ற இரண்டை வைத்து ஓட்டலாம். மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதும் ஒரு வகையில் துளையைத் திறப்பதுதான். அந்த நேரத்தில் முள் இறங்கும், ஆனால் கரிக்குக் கிடைத்த காற்று கொஞ்ச நேரம் கழித்துத் தன் கணக்கைக் காட்டும். முள் இறங்கியதைப் பார்த்து உடனே துளையைத் திறப்பவர் தவறை இரண்டாக்குகிறார்.

சூட்டைப் பார்த்து ஊதும் சிறு விசிறிக் கருவிகள் இந்த வேலையைத் தாமே செய்துகொள்கின்றன. தூங்க வேண்டும் என்றால் நல்ல தோழன். ஆனால் விசிறிக்குக் கூட்ட மட்டுமே தெரியும், குறைக்கத் தெரியாது. கதவு இடுக்கில் காற்று கசியும் ஸ்மோக்கரில் அது நின்ற பிறகும் நெருப்பு ஏறும். முதலில் கசிவை அடையுங்கள், பிறகு விசிறி வாங்குங்கள். மூடியைத் திறக்கும்போது விசிறியை நிறுத்தவும் மறக்கக்கூடாது.

எந்தக் கட்சியாக இருந்தாலும் மூடியில் பதித்த தெர்மாமீட்டரை முழுக்க நம்ப வேண்டாம். இறைச்சி இருக்கும் வலையின் மட்டத்தில் வைத்த தனித் தெர்மாமீட்டரின் உணர்கம்பி பத்து டிகிரி வேறு கதை சொல்லலாம். கொதிக்கும் தண்ணீரில் முக்கிச் சோதியுங்கள். கடல் மட்டத்தில் 100, 1,500 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 95 காட்ட வேண்டும். இறைச்சியின் உட்சூடு 65இலிருந்து 75க்குள் எங்கோ மணிக்கணக்கில் நின்றுபோனாலும் துளைகளைத் தொட வேண்டாம். இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்வதால் வரும் தேக்கம் அது, நெருப்பின் குற்றமில்லை. அவசரமென்றால் இறைச்சியை அலுமினியத் தாளில் சுற்றிவிடுங்கள்.

சமையல் முடிந்ததும் வேறுபாடு மறுபடி தலைகாட்டும். எல்லாத் துளைகளையும் மூடினால் மிஞ்சிய கரி மூச்சுத் திணறி அணையும். உலர்ந்த தட்டென்றால் அந்தக் கரியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். தண்ணீரென்றால் ஆவி உள்ளேயே படிந்து கரி நமுத்துப்போகும். கொழுப்பு மிதக்கும் தட்டையும் அப்படியே மூடி வைத்தால் சில நாட்களில் உள்ளே பூஞ்சணம் பூத்திருக்கும். ஆறியதும் தட்டை எடுத்துக் கழுவிவிடுங்கள், ஆனால் அந்தக் கொழுப்பைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றாதீர்கள், உறைந்து அடைத்துக்கொள்ளும். எவ்வளவு மழை பெய்தாலும் கனன்றுகொண்டிருக்கும் ஸ்மோக்கரை வீட்டுக்குள்ளோ கார் நிறுத்துமிடத்துக்குள்ளோ நகர்த்த வேண்டாம். கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.