டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஒவ்வாமை' என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். நிமோனியா என்று அம்மாவைப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இரண்டாம் நாள் காலை ஆம்பிசிலின் ஊசி போட்ட பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. மாற்று ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள், அதை மறுக்கமாட்டேன். "இனி பெனிசிலின் வகையே இவருக்கு ஆகாது" என்று டாக்டர் மலையாளத்தில் சொன்னதும் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

ஐந்தாம் நாள் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, சர்க்கரை அளவு எல்லாம் இருந்தன. ஒவ்வாமை: 'இல்லை'. நான் கவனிக்கவில்லை. பில்லில் மட்டும் பஞ்சு முதல் பிளாஸ்திரி வரை ஒன்றுகூட விடுபடவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பொள்ளாச்சியில் அம்மாவுக்குப் பல் பிடுங்கினோம். பல் டாக்டர் பொறுப்பாகப் பழைய சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத்தான் அமாக்ஸிசிலின் எழுதினார். பெயர்தான் வேறு, இனம் அதே பெனிசிலின். முதல் மாத்திரையை அங்கேயே போட்டுக்கொண்டு கிளம்பினோம். கோபாலபுரம் செக்போஸ்ட் வருவதற்குள் அம்மா கழுத்தைச் சொறியத் தொடங்கினார். வண்டியை அப்படியே திருப்பினேன். இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம்.

பிறகு முதல் மருத்துவமனையில் கேஸ் ஷீட் நகல் கேட்டேன். ரெக்கார்டு அறைச் சாவி இல்லை, டாக்டர் லீவு என்று மூன்று முறை அலையவிட்டார்கள். உள்நோயாளியின் பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. அதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, என் பிரதியில் முத்திரை வாங்கினேன். மூன்றாம் நாள் நகல் கைக்கு வந்தது.

நர்ஸ் எழுதிய பக்கத்தில் ஊசி போட்ட நேரம், தடிப்பு, மூச்சுத்திணறல் எல்லாம் தெளிவாக இருந்தன. டாக்டரின் பக்கத்தில் அன்றைக்கு ஒரே வரி: 'நிலை சீராக உள்ளது'. மருந்தை ஏன் மாற்றினார் என்று ஒரு சொல் இல்லை. அந்த வரியைப் பார்த்துத்தான் சம்மரியைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

இதைக் காட்டியபோது மேலாளர் குழைந்தார். "திருத்திய சம்மரி அடித்துத் தருகிறோம், பழையதைக் கொடுத்துவிடுங்கள்." உங்களிடமும் இப்படிக் கேட்டால் கொடுக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் முறையிட 2 ஆண்டு அவகாசம் உண்டு, அங்கே பேசப்போவது அந்தப் பழைய தாள்தான். எங்களுடையது பீரோவில் பத்திரமாக இருக்கிறது. 'பெனிசிலின் ஆகாது' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய அட்டை ஒன்று அம்மாவின் சுருக்குப்பையில் இருக்கிறது.